படியில் இறங்க முடியாதவர் என்ன செய்வார்?

தீ விபத்து என்றால் லிஃப்டில் ஏறாதீர்கள், படியில் இறங்குங்கள் என்று எல்லாக் கட்டடத்திலும் பலகை மாட்டியிருக்கிறார்கள். சரி, சக்கர நாற்காலிக்காரர்?

நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் வேலை பார்த்த ஜான் அப்ரூசோ கைகால் செயலிழந்தவர். 1993-இல் அங்கே குண்டு வெடித்தபோது அவரைக் கீழே கொண்டுவர ஆறு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம்தான் படியில் சறுக்கி இறங்கும் நாற்காலிகளை வாங்கி வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று, வடக்குக் கோபுரத்தின் 69-வது மாடியிலிருந்து அலுவலகத் தோழர்கள் பத்துப் பேர் அவரை அப்படியொரு நாற்காலியில் வைத்து, மாற்றி மாற்றிப் பிடித்து, ஒன்றரை மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே மூன்று படிக்கட்டுகளில் இரண்டின் அகலம் வெறும் 44 அங்குலம், அதிலேயே தீயணைப்பு வீரர்கள் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

78-வது மாடியில் இருந்த மைக்கேல் ஹிங்சன் பார்வையற்றவர், வழிகாட்டி நாய் ரோசெலுடன் நடந்தே இறங்கினார். ஆக, ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மொத்தமாக ஒரே வேகம் போட்டு, கட்டடம் காலியாகும் நேரத்தைக் கணக்கிடுவது வெறும் சோம்பேறித்தனம். அதே நாளில் 27-வது மாடியில் சக்கர நாற்காலியில் உதவிக்குக் காத்திருந்த எட் பேயாவும், அவரை விட்டுப் போக மறுத்த நண்பர் ஏப் செல்மனோவிட்ஸும் பிழைக்கவில்லை.

எங்கள் அலுவலகப் பயிற்சியிலோ ஊன்றுகோல் வைத்திருக்கிறவரைப் பார்த்து, “நீங்க உட்காருங்க சார், சும்மா டிரில்தானே” என்கிறார்கள். அப்புறம் மொத்தக் கட்டடமும் இத்தனை நிமிடத்தில் காலி என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள், அவர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்!