வலி போனதும் வராதவர்கள்

எங்கள் ஊரில் வியாழன் சந்தை நாள். கிளினிக்கில் உட்கார இடமிருக்காது. அப்படி ஒரு வியாழனில்தான் அந்தத் தையல்காரம்மா வந்தார். கன்னத்தில் கை, வாயில் கிராம்பு வாசம். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லையாம். படுத்தால் வலி கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இதைக் கேட்டதுமே பாதி தெரிந்துவிடும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள கூழ் வீங்குகிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை.

"பிடுங்கிடுங்க டாக்டரம்மா."

கீழ் முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதிலேயே முளைத்துவிடும் நிரந்தரப் பல் இது. பால் பல் என்று நினைத்துப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். எக்ஸ்ரேயில் வேர் நன்றாக இருந்ததால், பிடுங்காமல் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் செய்யலாம் என்றேன்.

ஊசி போட்டதும் உதடு மரத்தது, பல் மரக்கவில்லை. அழற்சி உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடும், மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகைன் சரியாக வேலை செய்யாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். நாற்காலியில் ஒருவர் துள்ளும்போது மார்க் உதவாது. பல்லை ஒட்டி இன்னொரு ஊசி போட்ட பிறகே திறக்க முடிந்தது. வேர்களுக்குள் மூன்று கால்வாய்கள். கால்வாயைச் சுரண்டும் ஊசி போன்ற 10-ம் நம்பர் ஃபைலின் நுனி 0.1 மில்லிமீட்டர், வளைந்த முன்வேரில் அதை இறக்கவே அரை மணி நேரம். கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்தேன். வெளியே கூட்டம்.

"அடுத்த வியாழன் வந்துடுங்க அக்கா."

வரவில்லை. போன் செய்தால், "வலியே இல்லைங்க. உங்களுக்கு நல்ல கைராசி!"

ஐந்து மாதம் கழித்து வந்தார். அடைப்பு எப்போதோ விழுந்திருக்கிறது. முறுக்கு கடித்ததில் பல் இரண்டாகப் பிளந்து, பிளவு வேர்கள் பிரியும் இடம்வரை இறங்கியிருந்தது. இனி கேப் போட்டும் பயனில்லை. பிடுங்கினேன்.

பஞ்சைக் கடித்தபடியே கேட்டார்: "அன்னிக்கே பிடுங்கியிருந்தா காசாவது மிஞ்சியிருக்கும்ல?"

வரச் சொன்னேனே தவிர, எதற்கு வரவேண்டும் என்று அன்று நான் சொல்லவேயில்லை. இப்போதெல்லாம் முதல் நாளே எக்ஸ்ரேயைக் காட்டி, "வலி நாளைக்கே போயிடும், ஆனா பாதி வேலைகூட முடியல" என்கிறேன். கைராசிப் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.