மின் கொள்கைக் குழு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கட்டணத்தை உயர்த்தச் சொல்லி அறிக்கை எழுதுவது எளிது. அதை ஓர் அரசு நடைமுறைப்படுத்தும்படி செய்வதுதான் சர்வதேச வளர்ச்சி நிறுவனத்தின் எரிசக்திக் குழுவுக்கு உண்மையான வேலை.

முதலில் இழப்பைக் கணக்கிடுங்கள். மின் விநியோக நிறுவனம் 100 யூனிட் வாங்கி, 80 யூனிட்டுக்குப் பில் போட்டு, அதிலும் 90 சதவீதமே வசூலித்தால், கைக்கு வருவது 72 யூனிட்டின் பணம். மீதி 28-ஐக் கட்டணத்தில் ஏற்றினால் ஒழுங்காகப் பணம் கட்டுபவரே தண்டிக்கப்படுகிறார். இது அநியாயம், எதிர்ப்பும் இங்கிருந்துதான் கிளம்பும். அதனால் மீட்டரும் வசூலும் முதலில், கட்டணம் பிறகு.

குறைந்த யூனிட்டுக்கு மானியம் என்பதும் தானாக ஏழைகளைச் சென்றடையாது. பல குடும்பங்கள் ஒரே மீட்டரைப் பகிர்ந்தால் மொத்தப் பயன்பாடு அதிகக் கட்டணமுள்ள மேல் அடுக்குக்குப் போய்விடும். களத்தில் போய்ப் பார்க்காமல் இது தெரியாது.

'இணைப்பு உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள். மின்வசதி எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் உலக வங்கியின் பல அடுக்கு அளவுகோலில் முதல் அடுக்குக்கு நாளுக்கு 4 மணி நேர மின்சாரம் போதும். ஐந்தாவதுக்கு 23 மணி நேரம் வேண்டும்.

குழுவில் ஒப்பந்த வழக்கறிஞர் ஒருவர் அவசியம். மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் டாலரில் பணம் கொடுக்கச் சொல்லும் மின் கொள்முதல் ஒப்பந்தம், உள்நாட்டு நாணயம் சரிந்ததும் மற்றெல்லாச் சீர்திருத்தத்தையும் விழுங்கிவிடும்.