42 கிலோமீற்றரும் 2,000 பவுணும்

2022ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அண்ணாவை டயலிசிஸுக்கு அழைத்துச் சென்றிருந்தபோது, காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு துண்டறிக்கையைப் படித்தேன். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை, அடுத்த ஏப்ரலில் நடக்கும் லண்டன் மரதனில் தன் சார்பில் ஓடுவதற்கு ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது. அண்ணாவின் சிறுநீரகங்கள் செயலிழந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் அவர் அந்த இயந்திரத்தோடு இருந்தாக வேண்டும். எனக்கு வயது 43. பேருந்தைப் பிடிப்பதற்காக அன்றி வேறு எதற்காகவும் பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு நான் ஓடியதில்லை.

லண்டன் மரதனில் இடம் கிடைப்பதற்குப் பொதுவான வழி குலுக்கல்தான். பல இலட்சம் பேர் விண்ணப்பிப்பதால் பெரும்பாலானோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இதற்கு அப்பால், அறக்கட்டளைகள் ஏற்பாட்டாளர்களிடமிருந்து முன்கூட்டியே விலைகொடுத்து வாங்கி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. இன்ன தொகையைத் திரட்டித் தருவேன் என்று உறுதியளிப்பவர்களுக்கு அவற்றைக் கொடுப்பார்கள். எனக்குக் குறிக்கப்பட்ட தொகை 2,000 பவுண். படிவத்தில் ஒப்பமிட்டபோது என் கவலையெல்லாம் 42.195 கிலோமீற்றரைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் சனவரி முடிவதற்குள், ஓட்டத்தை எண்ணி விழித்த இரவுகளைவிடப் பணத்தை எண்ணி விழித்த இரவுகளே கூடுதலாகிவிட்டன.

எங்கள் ஆட்கள் கொடுக்கத் தயங்குபவர்கள் அல்லர். கோயிலுக்குக் கேட்டாலும், ஊர்ப் பாடசாலைக்குக் கேட்டாலும், செத்த வீட்டுக்குக் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் ஒருத்தி ஓடுவதற்கு எதற்காகக் காசு கொடுக்க வேண்டும் என்பது பலருக்கு விளங்கவில்லை. மாமி முறையான ஒருவர் நேராகவே கேட்டார்: “பிள்ளை, நீர் ஓடினால் கொண்ணைக்குச் சுகம் வருமே?” வராது என்றுதான் சொல்ல முடிந்தது. மருத்துவமனைக்குப் போய்வர வழியில்லாதவர்களுக்கும், வேலையை இழந்தவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கும் அந்தப் பணம் எப்படிப் பயன்படும் என்பதைப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போனவர், ஓர் உறையைக் கொண்டுவந்து கையில் வைத்தார். அதில் 51 பவுண் இருந்தது. இணையத்தில் நான் திறந்திருந்த பக்கம் 10, 20, 50 என்று தொகைகளை எடுத்துக்கொடுத்தாலும், எங்கள் உறவினர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் 21, 51, 101 என்றே பதிந்தார்கள். கொடுக்கும் தொகை பூச்சியத்தில் முடியக் கூடாது என்ற வழக்கம் லண்டனுக்கு வந்தும் மாறவில்லை.

இனிமேல் இதைச் செய்ய எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. பிரித்தானியாவில் வருமான வரி கட்டும் ஒருவர் நன்கொடை கொடுத்தால், அவருக்குக் கூடுதல் செலவு எதுவுமின்றி, ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அறக்கட்டளை அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். ‘கிஃப்ட் எயிட்’ என்பது அதன் பெயர். அதற்குக் கொடுப்பவரின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் ஒப்புதலும் வேண்டும். உறையில் காசு தந்த ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், வரி கட்டுகிறீர்களா என்று கேட்பதற்கு இருந்த கூச்சத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பணத்தோடு முகவரியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் மட்டன் ரோல்ஸ் விற்று நான் சேர்த்த 340 பவுணுக்கு இந்த மேலதிகத் தொகை கிடைக்கவில்லை. வாங்கியவர் காசுக்குப் பதிலாக ஒரு பொருளைப் பெற்றுவிட்டதால், சட்டத்தின் பார்வையில் அது விற்பனை, நன்கொடை அன்று.

பயிற்சி பதினாறு கிழமைகள். முதற் கிழமையில் ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தேன். ஞாயிறு தோறும் நீண்ட ஓட்டம். ஆல்பர்ட்டனில் தொடங்கி, கிராண்ட் யூனியன் கால்வாயின் கரை வழியே பாடிங்டன் பக்கமாகப் போவேன். வழியில் ஓரிடத்தில் அந்தக் கால்வாய், வாகனங்கள் இரையும் வடக்குச் சுற்றுவீதிக்கு மேலே பாலத்தில் ஏறிக் கடக்கிறது. கீழே பாரவூர்திகள் ஓட, மேலே தண்ணீரில் வாத்துகள் மிதக்க, நடுவில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். ஒன்பதாவது கிழமையில் வலது முழங்காலின் வெளிப்புறத்தில் குத்துவலி தொடங்கியது. பத்து நாள் ஓய்வு, பிறகு இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள் என்று இயன்மருத்துவர் எழுதித் தந்தார். அவற்றைச் சலிப்போடு செய்தேன், பலன் இருந்தது. ஆகக் கூடிய தூரமாக 32 கிலோமீற்றரை ஒரே ஒரு முறைதான் ஓடினேன். பந்தயத்துக்கு முன்பு அதற்கு மேல் போக வேண்டாம் என்பதே பரவலான அறிவுரை. கடைசி மூன்று கிழமைகள் தூரத்தைக் குறைக்க வேண்டும். அதற்குள் சித்திரைப் புத்தாண்டும் வந்து, பலகாரத் தட்டும் அருகில் இருந்தது.

உணவைப் பற்றி நூல்கள் பாஸ்தாவையே சொல்கின்றன. எனக்குச் சோறும் இடியப்பமும் போதுமாக இருந்தன. மாச்சத்து எதில் இருந்தாலும் மாச்சத்துத்தான். ஓடும்போது உறிஞ்சும் இனிப்புக் கூழ் மட்டும் என் வயிற்றைக் கலக்கியதால் அதை விட்டுப் பேரீச்சம்பழத்துக்கு மாறினேன்.

2023 ஏப்ரல் 23ஆம் நாள் காலை, பிளாக்ஹீத் திடலில் மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பைப் பையில் மூன்று ஓட்டை வெட்டிச் சட்டைபோல் மாட்டிக்கொண்டு, என்னைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். கிரீனிச்சில் கட்டி சார்க் கப்பலைச் சுற்றும்போதும், டவர் பாலத்தில் ஏறும்போதும் இருபுறமும் எழுந்த இரைச்சலில் கால்கள் தாமாகவே ஓடின. பாலத்தைக் கடந்து வலப்பக்கம் திரும்பியதும் கொடுமை தொடங்குகிறது. நாம் பாதித் தூரத்தை எட்டும் அந்த வீதியின் மறுபக்கத்தில், 35 கிலோமீற்றரை முடித்தவர்கள் எதிரே வந்துகொண்டிருப்பார்கள். பாதையை வகுத்தவருக்கு இரக்கம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

கனரி வார்ஃப் கோபுரங்களுக்கு இடையில், ஏறத்தாழ 30ஆவது கிலோமீற்றரில், உடலில் சேமித்திருந்த மாச்சத்துத் தீர்ந்துபோனதை உணர்ந்தேன். அது களைப்பு மாதிரி இருக்கவில்லை. தொடைகள் என்னுடையவை அல்ல என்பது போல் இருந்தது. நடந்தேன், எண்ணிக்கொண்டு நூறு அடி ஓடினேன், மறுபடி நடந்தேன். பொப்லர் பக்கம் வேலியோரத்தில் மடக்குக் கதிரையில் அண்ணா இருந்தார். என் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருந்தது. இரண்டு மிடறு குடித்துவிட்டு, மற்றவர்களைப் போல நானும் மிச்சத்தோடு அதைத் தொட்டியில் எறிந்தேன். சிறுநீர் பிரியாத உடலில் நீர் தேங்கும் என்பதால் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாக அளந்து குடிப்பவர் அவர். என் முகம் மாறியதைக் கண்டிருக்க வேண்டும். “என்னத்தைப் பாக்கிறீர், குடிச்சிட்டு ஓடும்,” என்றார். அந்த உறைகளும் 51 பவுண்களும் இல்லாமல் இருந்திருந்தால், நான் அந்த இடத்திலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

தேம்ஸ் கரைக்கு வந்த பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. 5 மணித்தியாலம் 52 நிமிடங்களில் கோட்டைக் கடந்தேன். அன்று பெண்கள் பிரிவில் வென்ற சிஃபான் ஹசனுக்கும் அதுவே முதல் மரதன் என்றும், அவரும் இடுப்பு வலியால் வழியில் நின்று கால்களை நீட்டி மடக்கிவிட்டுத்தான் தொடர்ந்தார் என்றும் வீட்டுக்கு வந்து அறிந்தேன். அவருக்கு எடுத்த நேரம் 2 மணித்தியாலம் 18 நிமிடங்கள் என்பதை அண்ணா தேவையில்லாமல் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

கிஃப்ட் எயிட்டைச் சேர்க்காமல் 2,871 பவுண் சேர்ந்தது. மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போல் அண்ணாவோடு டயலிசிஸுக்குப் போனேன். படிகளில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவர் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கீழே காத்து நின்றார். வாசலில் நின்ற புதிய தாதி சக்கர நாற்காலியை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார்.