குளிரில் பாடும் டின்

ஜனவரி 5, கோத்தகிரி

தாத்தாவின் ட்ரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்தாயிற்று. அது வாய் திறந்து பத்து வருடம் இருக்கும், ஆனாலும் அம்மாவுக்கு மனசு வரவில்லை. "டயலையாவது உடைக்காம வை" என்றார். எனக்கு வேண்டியது ஸ்பீக்கரை ஓட்டிய இரண்டு ஏசி128 ட்ரான்சிஸ்டர் மட்டும்தான், கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடல் செய்ய. சிலிக்கானுக்கு முந்தைய காலத்து ஜெர்மானியம், அதிலும் பிஎன்பி வகை. 1966-இல் லண்டனில் வந்த, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலின் சில பிரதிகளுக்குள் இருந்ததும் இதே எண்தான். கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த பெடலுக்கு உறவுக்காரன் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறான்!

ஜனவரி 6

காலை ஏழு மணி, அறையில் 11 டிகிரி. ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸை எதிலும் இணைக்காமல் விட்டு, கலெக்டரில் 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு 9 வோல்ட் கொடுத்தேன். கசிவே இல்லாத, அதாவது பேஸ் சொல்லாமல் மின்சாரத்தை விடாத ட்ரான்சிஸ்டரென்றால், ரெசிஸ்டரின் மேல் வைத்த மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்றில் 0.12 வோல்ட், அதாவது 0.05 மில்லிஆம்பியர். இன்னொன்றில் அதைப்போல மூன்று மடங்கு. விரலால் பிடித்தால் எண் ஏறுகிறது, ஊதினாலும் ஏறுகிறது. மதியம் வெயில் வந்து 21 டிகிரி ஆனதும் முதல் ஆள் 0.24 காட்டினான். பத்து டிகிரிக்கு இரட்டிப்பு என்று படித்தது கண்முன்னால் நடந்தது.

பெடலின் சர்க்யூட்டில் கசிவு குறைந்தவன் முதலிடத்துக்கு, மற்றவன் இரண்டாமிடத்துக்கு.

ஜனவரி 11

வெரோ போர்டில் (துளையிட்ட சர்க்யூட் பலகை) நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். பெட்டிக்குத் தேயிலைத்தூள் டின். இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் 8.2 கிலோ ஓமுக்குப் பதில் ட்ரிம்மர் (ஸ்க்ரூட்ரைவரால் திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, 9-இல் பாதியான 4.5 வோல்ட்டில் நிறுத்தினேன். சத்தம் வந்ததும் பூனை கட்டிலுக்கடியில் போய்விட்டது.

அழகு எதிலென்றால், கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே கரகரப்பு கரைந்து மணிபோல் ஆகிவிடுகிறது. இந்த சர்க்யூட்டின் உள்வாசலில் மின்தடை மிகத் தாழ்வு. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் சுருளும் வால்யூம் குமிழும் சர்க்யூட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடுகின்றன. நடுவில் வேறு பெடலை நுழைத்துப் பார்த்தேன், அந்தக் குணம் போயே போச்சு.

ஜனவரி 12

முட்டாள்தனம். எதிரொலி தரும் டிலே பெடலின் அடாப்டரிலேயே இதையும் மாட்டினேன். இதில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்ட். அதில் நெகட்டிவ். கிட்டார் வயரின் உறை இரண்டையும் இணைக்க, அடாப்டர் ஷார்ட். இனி இதற்குத் தனி பேட்டரி.

ஜனவரி 25

கோவையில் பெரியம்மா மகனின் கல்யாண வரவேற்பு. "டேய், ரெண்டு பாட்டு நீ வாசி" என்று அண்ணன் சொல்லியிருந்தான். மேட்டுப்பாளையத்திலேயே ஸ்வெட்டரைக் கழற்றியாயிற்று. மண்டபத்தில் மேடை விளக்குகளுக்கு அடியில் பெடலை மிதித்தால், தவளைக்குத் தொண்டை கட்டியதுபோல் விட்டுவிட்டு இருமியது.

மூடியைத் திறந்து மீட்டரை வைத்தேன். 4.5 இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை. கணக்கு அப்போதுதான் புரிந்தது: முதல் ட்ரான்சிஸ்டரின் 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே மொத்தமே கால் மில்லிஆம்பியர்தான் ஓடும். 11 டிகிரியில் 0.05 இருந்த கசிவு 31 டிகிரியில் 0.2. கசிவே முக்கால்வாசிப் பங்கைத் தின்றுவிட, இரண்டாமவன் பட்டினி.

சமையல்கட்டில் கோலி சோடா பெட்டி ஐஸில் கிடந்தது. இரண்டு பாட்டிலைத் துணியில் சுற்றி டின்னை அணைத்து வைத்தேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஐந்து நிமிடத்தில் குரல் திரும்பியது. ஒரு பாட்டுக்குத்தான் தாங்கியது, இரண்டாவதை ஃபஸ் இல்லாமல் ஒப்பேற்றினேன்.

ஜனவரி 26

இரவு வீடு. மூடுபனி, 12 டிகிரி. எதையும் தொடாமல் மீட்டரை வைத்தால் 4.5.

சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று அண்ணன் ஃபோனில் சொன்னான். சரிதான், ஆனால் அந்தக் கரகரப்பு எனக்குக் கொஞ்சம் கூர்மை. நாளை டின்னில் ட்ரிம்மருக்கு நேராக ஒரு துளை போட வேண்டும், ஸ்க்ரூட்ரைவர் நுழையும் அளவுக்கு. காலி ரேடியோவில் அம்மா நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறார். டயல் அப்படியே இருக்கிறது.