காலில் கால்

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு குறுக்குவழியை வைத்தே பல வருஷம் ஒப்பேற்றினேன். "எக்ஸ் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் என்று போட்டிருக்கிறானா? யோசிக்காதே, அரையைப் போடு."

அரையைப் போட்டால் வர்க்கம் கால், வர்க்கமூலம் 0.707, தலைகீழி, அதாவது ஒன்றை எக்ஸால் வகுத்தது, 2. எது சிறியது, எது பெரியது என்ற வரிசை சட்டென்று விழுந்துவிடும். வர்க்கம்தான் கடைசி, அதற்கு மேல் எக்ஸ், அப்புறம் வர்க்கமூலம், உச்சியில் தலைகீழி. பிள்ளைகளுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை மிச்சம்.

ஒருநாள் மாதிரித் தேர்வில் 2எக்ஸ் பெரியதா, எக்ஸின் வர்க்கமூலம் பெரியதா என்று ஒரு கேள்வி. வகுப்பு மொத்தமும் அரையைப் போட்டு, 1 எங்கே 0.707 எங்கே, 2எக்ஸ்தான் பெரியது என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் 'தீர்மானிக்க இயலாது' என்றிருந்தது. அச்சுப்பிழை, அடித்துவிடுங்கள் என்று நானும் கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. 1/4 போட்டுப் பார்த்தேன், இரண்டும் அரை. 1/9 போட்டேன். 2எக்ஸ் 2/9, மூலம் 3/9. அப்புறம் எங்கே சாப்பிடுவது.

மறுநாள் ஒப்புக்கொண்டேன். முதலில் இரண்டும் எங்கே சமமாகிறது என்று பார்க்கணும், அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டுப் பார்க்கணும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அது கெடக்கட்டும் சார். பெருக்குனா கூடத்தான செய்யணும், ஏன் சார் கொறையுது? ஆறாப்புலருந்தே எனக்கு இது வெளங்கல."

அவளுடைய அம்மா மாட்டுத்தாவணியில் மல்லி வாங்கிவந்து கட்டி விற்கிறவர். கால் கிலோ பூவில் கால் பங்கு எடுத்தால் எவ்வளவு என்று கேட்டேன். "அறுவத்திரெண்டரை கிராம்" என்றாள், கண்ணிமைக்காமல். அதைத்தான் கால் பெருக்கல் கால் என்று எழுதுகிறோம், கிலோவில் பதினாறில் ஒன்று. அப்ப மூலம்? எதில் அதே பங்கை எடுத்தால் கால் வரும்? "அரைல அரை." அதனால்தான் மூலம் பெரியது. தலைகீழிக்கு நான் வாயே திறக்கவில்லை. "ஒரு கிலோவுக்குக் கால் கிலோ பொட்டலம் நாலு, அதான சார்?"

நம் பழைய எண்சுவடிக்காரர்களுக்கு இது சிக்கலாகவே இருந்திருக்காது. காலில் பாதிக்கு அரைக்கால் என்று பெயர்; பெருக்கல் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. காலில் காலுக்கு வீசம் அல்லது மாகாணி. மா 1/20, காணி 1/80, கூட்டினால் 1/16. 1957 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அதாவது ஓரணா என்பது வீசம் ரூபாய். தாத்தா காலத்து ஆட்கள் இதை மடியில் முடிந்துகொண்டு சந்தைக்குப் போனார்கள்.

இப்போது இந்தப் பாடத்தன்று கால்குலேட்டரைக் கையில் கொடுத்துவிடுகிறேன். 0.9ஐ வர்க்கப்படுத்தச் சொன்னால் 0.81, பிறகு 0.6561, அடுத்ததில் 0.43 என்று சரிகிறது. 0.01க்கு மூலம் அழுத்தினால் 0.1, 0.316, 0.562 என்று ஒன்றை நோக்கி ஏறுகிறது. எக்ஸ் மைனஸ் என்றால் கதையே வேறு, வர்க்கம்தான் பெரியது. கேள்வியில் 'பூச்சியத்தைவிடப் பெரியது' என்ற பாதியைப் படிக்காமல் விடுகிறவன் அங்கேதான் மாட்டுவான்.

அந்தப் பெண் அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகும் போகவில்லை. எக்ஸுக்கும் அதன் வர்க்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். காலில் 3/16, அரையில் 4/16, முக்காலில் மறுபடியும் 3/16.

"அரைலதான் சார் ரொம்ப வெலகி நிக்குது" என்றாள். இத்தனை வருஷமாக நான் போடச் சொன்ன அதே அரை.