வாய்க்கால் மட்டமும் ஒரு பெரிய அணியும்

ஜூன் 10, திங்கள். கோபி

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீரை அடைத்திருக்கும் நாட்களில்தான் எங்களுக்குப் பிழைப்பு. ஆகஸ்ட் நடுவில் பவானிசாகரில் திறந்துவிடுவதற்குள் கிளை வாய்க்கால்களின் மட்டக் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும். ஆட்டோ லெவல் என்னும் மட்டக் கருவி வைத்து, ஸ்டாஃப் என்னும் அளவுகோலைப் பிடித்து எடுத்த உயர வித்தியாச வாசிப்புகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. உயரம் காண வேண்டிய புள்ளிகள் 24,000. வாசிப்புப் பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை முடிந்தவரை சிறிதாக்கும் மீச்சிறு வர்க்க முறையில் சமன்படுத்தப் போனால் 24,000 நிரை, 24,000 நிரல் கொண்ட அணி ஒன்று வந்து நிற்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் உருப்போட்டதையே ஆக்டேவ் என்ற கணித மென்பொருளிலும் செய்தேன்: நேர்மாறு அணியைக் கண்டுபிடித்து வலப்பக்கத்தைப் பெருக்குவது. நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஓர் எண்ணுக்கு 8 பைட், 57.6 கோடி எண்களுக்கு 4.6 ஜிபி. நேர்மாறு உட்கார இன்னொரு 4.6. என் மடிக்கணினியில் இருப்பதே 8.

ஜூன் 11, செவ்வாய்

பெருந்துறையில் மச்சானின் அலுவலகக் கணினியில் 32 ஜிபி இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய் ஓட்டினேன். இந்த அளவு அணியின் நேர்மாறுக்குச் சுமார் 27.6 லட்சம் கோடி கூட்டல், பெருக்கல்கள் வேண்டும். நாங்கள் பரோட்டா சாப்பிட்டுத் திரும்புவதற்குள் முடித்து வைத்திருந்தது.

விடையைப் பார்த்ததும் சாப்பிட்டது இறங்கவில்லை. கோபிக்குப் பக்கத்து மதகு ஒன்று கடல் மட்டத்துக்கு 1,900 மீட்டர் கீழே இருக்கிறதாம்! அணிக்கோவை பூச்சியமானால் நேர்மாறு கிடையாது, அதனால் அது பூச்சியமா என்று பார்க்கச் சொன்னார் மச்சான். அது உதவாத சோதனை. மூலைவிட்டத்தில் 0.1 மட்டும் கொண்ட 400 வரிசை அணியை எடுத்தால், அணிக்கோவை 10-இன் -400 அடுக்கு. கணினியால் அதை எழுதக்கூட முடியாது, பூச்சியம் என்றே சொல்லும். அந்த அணிக்கோ மூலைவிட்டம் முழுக்க 10 என்று குறையில்லாத நேர்மாறு உண்டு.

ஜூன் 13, வியாழன்

எங்களுக்கு ஸ்டாஃப் பிடிக்கும் அண்ணன் முப்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். கணினிப் பக்கம் வரமாட்டார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்தக் கல்லில் கட்டியிருக்கிறீர்களுங்க, தம்பி?"

எந்தக் கல்லிலும் கட்டவில்லை. கோப்பை மாற்றும்போது உயரம் முன்பே தெரிந்த இரண்டு பெஞ்ச் மார்க் கற்களும் தெரியாத உயரங்களின் பட்டியலில் விழுந்திருக்கின்றன. லெவல் கருவி வித்தியாசத்தை மட்டுமே அளக்கும். எல்லாப் புள்ளிகளையும் நூறு மீட்டர் தூக்கினாலும் வித்தியாசங்கள் மாறாது. ஆகவே அணியின் ஒவ்வொரு நிரையையும் கூட்டினால் பூச்சியம் வரும். அது பூச்சியக் கோவை அணி, நேர்மாறே கிடையாது. தசமங்களை வெட்டும்போது சேரும் தூசியால் துல்லியமான பூச்சியம் கிட்டாமல், கணினி ஏதோ ஒரு பிரம்மாண்டமான "நேர்மாறை"க் கொடுத்துவிட்டது. முளைக்குச்சி அடிக்காமல் மாட்டை விட்ட கதை. ஆக்டேவ் எச்சரித்திருக்கும். எச்சரிக்கைகளை அணைத்து வைத்த புண்ணியவான் நான்தான்.

ஜூன் 15, சனி

இரண்டு கற்களையும் நிலைநிறுத்தினேன். தெரியாதவை 23,998.

இன்னொரு மடமையும் தெளிந்தது. ஒரு புள்ளி தன் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று புள்ளிகளோடு மட்டுமே பேசுகிறது. 57 கோடிக்கு மேற்பட்ட இடங்களில் எண் இருப்பவை 76,000 சொச்சம், மற்றதெல்லாம் பூச்சியம். எண் உள்ள இடங்களை மட்டும் சேமித்தால் முழு அணியும் ஒன்றரை எம்பிக்குள் அடங்குகிறது. அதை நேர்மாறாக்கினாலோ ஓரிடம் விடாமல் நிரம்பிவிடும். மெலிந்து கிடந்ததை நானே ஊதிப் பெருக்கிவிட்டு இடம் போதவில்லை என்று அழுதிருக்கிறேன்.

நேர்மாறைத் தொடாமல் ஆக்டேவின் பின்சாய்கோடு (\) குறியைப் போட்டுச் சமன்பாட்டையே தீர்க்கச் சொன்னேன். என் பழைய மடிக்கணினியில் ஒரு வினாடிகூட ஆகவில்லை. இத்தகைய சமச்சீர் அணிக்கு அது உள்ளே கையாள்வது, அணியை இரண்டு முக்கோண அணிகளின் பெருக்கலாகப் பிரிக்கும் சொலெஸ்கி முறை. ஆந்த்ரே லூயி சொலெஸ்கி பிரெஞ்சு ராணுவ அதிகாரி, நில அளவையாளர். நம்மைப் போல மட்டம் பிடித்தவர்! அளவைக் கணக்குகளைச் சமன்படுத்தவே இந்த வழியைக் கண்டார். 1918 ஆகஸ்டில் போரில் இறந்தார். முறை அச்சேறியது 1924-இல்.

ஜூன் 18, செவ்வாய்

உயரம் மட்டும் போதாதாம், ஒவ்வொரு மதகின் உயரத்திலும் எத்தனை மில்லிமீட்டர் பிழை இருக்கலாம் என்றும் எழுதித் தர வேண்டுமாம். அந்தத் தகவல் குடியிருப்பது, நான் திட்டித் தீர்த்த நேர்மாறின் மூலைவிட்டத்தில். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனாலும் முழு நேர்மாறு வேண்டியதில்லை. மதகுகள் 312. ஒரு மதகின் இடத்தில் 1, மற்ற இடங்களில் 0 என்று வலப்பக்கம் வைத்துத் தீர்த்தால் அந்த ஒரு நிரல் மட்டும் கிடைக்கும்; அதில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடலாம். சொலெஸ்கிப் பிரிப்பை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு 312 முறை தீர்த்தேன். வாசிப்புப் பிழையின் வர்க்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததும் பட்டியல் தயார்.

கோபிப் பக்க மதகுகளில் 4 மி.மீ. சென்னிமலைப் பக்கம் ஒரு கிளையின் கடைமடையில் 14. வாசிப்பில் குற்றமில்லை. அங்கே ஒற்றைக் கோடாகப் போய் நின்றுவிட்டோம். சுற்றி வந்து எந்தக் கல்லிலும் முடிக்கவில்லை. அன்றைக்கு வெயில் கடுமை, திரும்பிவிடலாம் என்று சொன்னது நான்.

ஜூன் 19, புதன்

அந்தக் கடைமடையிலிருந்து 7 கிலோமீட்டரில் மூன்றாவது கல் ஒன்று இருப்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. நாளை அங்கே கோடு இழுக்கிறோம். ஆனி பிறந்துவிட்டது, பத்து மணிக்கு மேல் காற்றில் ஸ்டாஃப் ஆடும். விடிகாலை நான்கரைக்கே வண்டியோடு வாசலில் நிற்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.