லேப்டாப் இல்லாமல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, லேப்டாப் இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா?" எடுக்கலாம். நான் அப்படித்தான் எடுத்து முடித்தேன், படித்த காலம் முழுக்க வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் சிரமமே இல்லை என்று சொல்ல மாட்டேன், எங்கெங்கே இடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேர்க்கை பெரிய விஷயமில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுக்க ஒரே இணையதளம், டிஎன்காசா. நான் போட்டபோது விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். தமிழ், ஆங்கிலம் போக மீதி நாலு பாட மார்க்கை 400க்கு எடுத்து ரேங்க் போடுவார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற மாவட்டங்கள், அதனால் தன்னாட்சிக் கல்லூரி இல்லை என்றால் எங்கே சேர்ந்தாலும் சிலபஸும் கேள்வித்தாளும் ஒன்றுதான். பஸ் எது வசதியோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சிக்கல் ஆரம்பிப்பது சி என்கிற புரோகிராம் மொழிக்கான லேபில். எங்கள் லேபில் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர், கீபோர்டு யாருக்கு வேகமாக டைப் வருமோ அவர்களிடம்தான் போகும், மற்றவர்கள் அவுட்புட்டைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். இப்படியே போனால் மூன்று வருடம் கழித்து ரெக்கார்டு மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியது.

போனில் டெர்மக்ஸ் போட்டேன், ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் மாதிரி கட்டளை டைப் செய்து வேலை செய்ய உதவும் ஆப் அது. பிளே ஸ்டோரில் இருப்பதை விட எஃப்-டிராய்டு என்கிற இலவச ஆப் தளத்தில் கிடைப்பது நல்லது. அதில் கிளாங் என்கிற கம்பைலரை (நாம் எழுதும் புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுவது) இறக்கினால் சி புரோகிராம் போனிலேயே ஓடும், பைத்தான், ஜாவா, டேட்டாபேஸுக்கு மரியாடிபி எல்லாமே வரும். போன் திரையில் செமிகோலன் தேடித் தேடி விரல் வலிக்கும், அதற்கு சாதாரண யுஎஸ்பி கீபோர்டும் அதைப் போனில் செருக ஒரு ஓடிஜி கேபிளும் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது, கீபோர்டு, ரீசார்ஜ், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அந்தக் காசுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லேபில் இருந்தது டர்போ சி, நீலத் திரையில் வரும் பழைய கம்பைலர். அங்கே ஓடுகிற புரோகிராமை அப்படியே போனில் போட்டால் கோனியோ ஹெட்டரே (டர்போ சியோடு வரும் ஒரு துணை ஃபைல்) இல்லை என்று நிற்கும், அதை நம்பியிருக்கும் கிளியர் ஸ்கிரீன், கெட்ச் வரிகளையும் எடுத்தாக வேண்டும். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதே இந்த வித்தியாசத்தில்தான். ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்கி வரும் விடை) புரோகிராமில் 8 கொடுத்தேன், லேபில் -25216 வந்தது. போனில் அதே புரோகிராம் 40320 என்று சரியாகச் சொன்னது. டர்போ சியில் இன்ட்டுக்கு, அதாவது முழு எண்ணை வைக்கும் இடத்துக்கு, 2 பைட், 32767க்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். போனில் 4 பைட். சரி, போன்தான் ஒழுங்கு என்று நினைத்தால், அதில் 13 கொடுத்துப் பாருங்கள், 1932053504 வரும். உண்மையான விடை 6227020800. மைனஸ் வந்தாலாவது தப்பு என்று தெரியும், இது பார்க்க ஒழுங்கான எண் மாதிரியே இருக்கிறது, அதுதான் பயம். இதையெல்லாம் எந்த நோட்ஸிலும் படிக்கவில்லை, இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்த்ததால் தெரிந்தது. பிராக்டிகலில் சீட்டு எடுத்து புரோகிராம் முடித்ததும் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர்) வைவாவில் வாய்மொழியாகக் கேட்டதும் இதேதான், இன்ட் எத்தனை பைட்? "எந்தக் கம்பைலர் சார்?" என்று திருப்பிக் கேட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

தியரி வேறு கதை. 75 மார்க் பல்கலைக்கழகத் தேர்வு, 25 இன்டர்னல். பழைய கேள்வித்தாளை வைத்துப் படித்தால் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் எல்லாம் பாஸாகிவிடலாம், ஆனால் கணக்குப் பேப்பரை அப்படி விட்டால் அரியர் நிச்சயம். தமிழ் மீடியத்தில் வந்தவர்களுக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் சி, ஜாவா, லினக்ஸ் எல்லாம் தமிழ்க் குரலில் சின்னச் சின்ன வீடியோவாக இருக்கிறது, இலவசம். கொஞ்சம் பழைய வெர்ஷன், பரவாயில்லை.

போனில் நடக்காதது இரண்டு. ஒன்று விபி.நெட் மாதிரி விண்டோஸ் சமாச்சாரம், அதற்கு லேப் நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று கடைசி வருட புராஜெக்ட்டின் ரிப்போர்ட். புராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது பாலக்கோடு தக்காளி மண்டிக் கணக்கு: எத்தனை பெட்டி, என்ன விலை, கமிஷனும் கூலியும் போக விவசாயி கைக்கு எவ்வளவு. பைத்தானும் மரியாடிபியும் போனிலேயே ஓடின, ரிப்போர்ட் அடிக்க மட்டும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். ரெடிமேட் புராஜெக்ட் விற்கிறார்கள், லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் என்று. வாங்கினால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காசு இருந்து லேப்டாப் வாங்கினால் தாராளமாக வாங்குங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. ஆனால் முதல் செமஸ்டருக்கே கடன் வாங்கிப் புதுசு எடுக்க வேண்டியதில்லை, எம்சிஏ சேர டான்செட் நுழைவுத் தேர்வு எழுதப் போகிறீர்களா, ஓசூர், பெங்களூரு பக்கம் வேலைக்குப் போகிறீர்களா என்பது மூன்றாம் வருடத்தில் தெரிந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) இரண்டும் இருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.